வள்ளியின் உரல்: ஒரு சாண், நாலு விரல்

முருகன் வள்ளியை மணந்தது எங்கே என்று கண்டுபிடிக்க நான் கடல் தாண்டிப் போனேன் என்றால் என் வீட்டாரே நம்பமாட்டார்கள். விடுமுறைக்குத்தான் போனேன். ஆனால் கொழும்பில் நான் வேலை பார்க்கும் பத்திரிகையின் ஆசிரியர், நான் புறப்படும் அன்று ஒரு கட்டுக் கடிதங்களைக் கையில் திணித்து, "இதற்கு ஒரு முடிவு கண்டுகொண்டு வந்துவிடும்" என்றார்.

கடிதங்கள் இரண்டே வாசகர்களுடையவை. ஒருவர் செட்டியார் தெருவில் கடை வைத்திருப்பவர். 'கதிர்காமத்தான்' என்று கையெழுத்திடுவார். மற்றவர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை, 'தணிகை அடியான்'. வள்ளி இலங்கையின் வேடர் குலத்துப் பெண், கல்யாணம் கதிர்காமத்தில் நடந்தது என்பது முதலாமவர் கட்சி. வள்ளி தொண்டை மண்டலத்து வள்ளிமலையில் வளர்ந்தவள், முருகன் அவளை மணந்து வந்து அமர்ந்தது திருத்தணி என்பது இரண்டாமவர் கட்சி. இருவரும் "மலையே சாட்சி, சுனையே சாட்சி" என்றுதான் கடிதத்தை முடிப்பார்கள். இந்தச் சண்டை வாரம் தவறாமல் அச்சேறியதில், பாவம், இடமில்லாமல் நின்றுபோன ஒரு தொடர்கதையின் கதாநாயகி மூன்று வாரமாகக் கிணற்றுக்குள்ளேயே கிடந்தாள்.

மலையும் சுனையும் சாட்சி சொல்லுமா என்பதில் எனக்கு முன்பே சந்தேகம் உண்டு. இலங்கையில் ஒரு மலை உச்சியில் ஒரு பாதச்சுவடு இருக்கிறது. சிவனுடைய பாதம் என்று ஒரு கூட்டம், புத்தருடையது என்று ஒரு கூட்டம், ஆதி மனிதனுடையது என்று ஒரு கூட்டம் ஒரே படியில் மூச்சு வாங்க ஏறுகின்றன. பாதம் இதுவரை யாரையும் மறுத்துப் பேசியதில்லை. பத்திரிகைக்காரன் அப்படிப்பட்ட சாட்சியைக் கண்டால் பேனாவை மூடிவிடுவான்.

கப்பலும் ரயிலும் எல்லோருக்கும் தெரிந்தவை. திருத்தணி ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து சொல்கிறேன்.

அக்கினி நட்சத்திரம். பகல் பதினொரு மணிக்கு ஒரு ஜட்காவில் ஏறினேன். குதிரை நூறு அடி போய் ஒரு வீட்டு வாசலில் நின்றது. வண்டிக்காரர் அடிக்கவில்லை, திட்டவில்லை. பீடி பற்ற வைத்தார். பீடி பாதியானதும் குதிரை தானாகப் புறப்பட்டது. இன்னும் கொஞ்ச தூரம் போய் வேறொரு வீட்டு வாசலில் நின்றது.

"இது முன்ன டாக்டரு வண்டிக் குதிரைங்க" என்றார் வண்டிக்காரர். "அவரு போயி அஞ்சு வருசம் ஆவுது. அவரு வைத்தியம் பாத்த வூடெல்லாம் இதுக்குத் தெரியும். நின்னுட்டுத்தான் போவும்."

மூன்றாவது வீட்டில் நின்றபோது எதிர்வீட்டுப் பெண்மணி ஒருவர் பதறிக்கொண்டு வெளியே வந்து, "யாருக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டார். யாருக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. குதிரை நிற்கிறதே! குதிரை நின்றால் உள்ளே நோயாளி இருக்க வேண்டும். நாங்கள் நகர்ந்த பிறகும் அவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சத்திரத்தில் மூட்டையை வைத்துவிட்டு ஓட்டலுக்குப் போனேன். யுத்தம் முடிந்துவிட்டதே தவிர, அரிசி இன்னும் ரேஷனை விட்டு வெளியே வரவில்லை. இலையில் விழுந்த சோறு கைப்பிடிதான். அதற்கு ஈடு செய்வதுபோல் புளிச்சக்கீரைத் துவையலை உருண்டை உருண்டையாக வைத்தார்கள். கொழும்பில் காரச் சம்பல் தின்று பழகிய நாக்கு என்று நான் அலட்சியமாக ஒரு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டேன். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆந்திர மிளகாய் என்பது அப்புறம் புரிந்தது. பரிமாறியவர் என் கண்ணீரைப் பார்த்து மோர் கொண்டுவந்து, "புச்சா வந்தவங்க எல்லாம் மொத நாளு அழுவாங்கோ. நாளைக்கு ரெண்டு உருண்டை கேப்பீங்கோ" என்றார். மறுநாள் நான் கேட்டது உண்மை.

இரண்டாம் நாள் விடியற்காலையில் மலை ஏறினேன். படி முந்நூற்று அறுபத்தைந்து, வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்பது ஊர்ப்பேச்சு. தொழில் புத்தி விடவில்லை, எண்ணிக்கொண்டே ஏறினேன். எனக்கு மூன்று குறைந்தது. உச்சியில் பூ விற்ற அம்மாளிடம் சொன்னேன். அவர் தொடுப்பதை நிறுத்தாமல், "வருசத்துக்கு மூணு நாளு லீவு எடுத்துக்கினீங்க போல" என்றார். என் கணக்கில்தான் தவறியிருக்க வேண்டும். ஏனென்றால் இறங்கும்போது இரண்டு அதிகமாக வந்தது.

சந்நிதிக்கு எதிரே நிற்கும் யானை மற்ற கோயில்களைப் போலச் சுவாமியைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறது. ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொன்னவர் குருமூர்த்தி. மூன்று தலைமுறையாக மடைப்பள்ளியில் சமைக்கும் குடும்பம்; கையில் கரண்டியோடுதான் பேசினார்.

"தெய்வானைக்கு இந்திரன் சீர் கொடுத்த யானை சார். அதை அனுப்பினப்புறம் அவன் ஊர்ல சுபிட்சம் போயிடுத்து. கொடுத்ததைத் திருப்பிக் கேக்க மாமனாருக்கு வெக்கம். மாப்பிள்ளை புரிஞ்சுண்டு, 'நீ இங்கேயே நில்லு, பார்வையை மட்டும் பொறந்த ஊர்ப் பக்கம் வை'ன்னுட்டார்."

யானை வெளியே பார்க்கிறது. அதை என் கண்ணால் பார்த்தேன். மாமனார் வெட்கப்பட்டதைப் பார்த்தவர் யாரும் அகப்படவில்லை. இதைச் சொன்னபோது குருமூர்த்தி கோபிக்கவில்லை. சர்க்கரை ரேஷனால் இளைத்துப்போன பொங்கலை எனக்கு ஒரு கவளம் வைத்துக்கொண்டே யோசித்தார்.

"உங்களுக்குத் தொட்டுப் பாக்கற சாட்சி வேணும். பொதட்டூர்பேட்டை ரோட்டில பாறைக்கண்டிகைன்னு சின்ன ஊர், முப்பது வீடு. வள்ளி தினை குத்தின உரல் பாறையிலயே இருக்கு. ஆனா சீக்கிரம் போங்கோ. ரோட்டுக்குச் சல்லி போடற கண்டிராக்டர் அந்தப் பாறையைக் கேட்டிருக்கார். வள்ளி உரல், உடைக்கப்படாதுன்னு ஊர்க்காரா மனு போட்டிருக்கா. நாளன்னிக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பாக்க வரார். அவர் தலையாட்டிட்டா வெடி வெச்சுடுவா. அப்புறம் வள்ளியை ரோட்டிலதான் தேடணும்."

மூன்றாம் நாள் பஸ். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் கரிவாயுவில் ஓடுவதற்காக முதுகில் கட்டிக்கொண்ட அடுப்பை இந்தப் பஸ் இன்னும் கழற்றவில்லை. கிளீனர் பின்னால் நின்று விசிறிச் சக்கரத்தைச் சுற்ற, அடுப்பு புகைந்து, பஸ் இருமி, ஒருவழியாகக் கிளம்பியது. முதல் மேட்டிலேயே நின்றது. "ஆம்பளைங்க எல்லாம் எறங்கித் தள்ளுங்கோ!" என்றார் கண்டக்டர். பொதட்டூர்பேட்டை நெசவாளர்கள் நூல் மூட்டைகளைப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கினார்கள். நானும் இறங்கினேன். வெள்ளைச் சட்டையும் குடையுமாக இருந்த கனத்த மனிதர் ஒருவர் மட்டும், தமக்கு ரத்தக் கொதிப்பு என்று சொல்லி உள்ளேயே இருந்துவிட்டார். அவரையும் சேர்த்துத் தள்ளினோம்.

திரும்ப ஏறியபோது அவர் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். வந்த காரியம் என்ன என்று கேட்டார். அதையும் சொன்னேன். வள்ளி கதிர்காமத்துப் பெண் என்று இலங்கையில் ஒரு கட்சி இருப்பதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா! அங்கேதான் கல்யாணமா? மலை, ஆறு எல்லாம் இருக்கிறதா?" என்று தூண்டித் தூண்டிக் கேட்டார். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பிறரைப் பேசவைத்துச் சம்பளம் வாங்குகிற நான், அவர் யாரென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாறைக்கண்டிகை விலக்கில் இறங்கி அரை மைல் நடந்தேன். ஊருக்குப் பின்னால் யானை படுத்ததுபோல ஒரு பாறை. அதன் மேல், ஏறும் பக்கத்திலேயே, ஒரு குழி. குனிந்து பார்த்தேன். கறுத்து, எண்ணெய் தடவியதுபோல வழவழவென்று இருந்தது. பழைய வெண்கலப் பாத்திரத்தின் உட்பக்கம் மாதிரி. அளவுகோல் இல்லாததால் கையை விட்டு அளந்தேன். ஒரு சாண், நாலு விரல். மணி பத்தேகால். இரண்டையும் நோட்டில் எழுதினேன்.

"இன்னாத்துக்கு சாமி அளந்துகினு கீறீங்கோ? சட்டை தெக்கவா?"

ஐம்பது வயது இருக்கும். இடுப்பில் குடம். பெயர் குப்பம்மா. பின்னால் கோவணமும் முண்டாசுமாக வந்தவர் முனுசாமி, அவருடைய அக்காள் புருஷர். குப்பம்மா அவரைப் 'பாவா' என்று கூப்பிடுவதும், கூப்பிட்ட கையோடு ஏதாவது ஒரு குற்றம் சொல்லுவதும் வழக்கம் என்று சீக்கிரமே தெரிந்தது.

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். கல்யாணம் இங்கேதான் நடந்தது என்பதற்கு இந்தக் குழி எப்படிச் சாட்சியாகும் என்றும் கேட்டேன்.

"கல்யாணம் ஆன மறுநாளு புருசனுக்குப் பசிக்காதா?" என்றார் குப்பம்மா. "வள்ளிமலையிலேர்ந்து தணிகைக்கு நடந்து வந்துகினு இருக்காங்கோ. வழியில அவருக்குப் பசி. அம்மா இங்க குந்தி தினை குத்திப் போட்டுச்சி."

"குழி இவ்வளவு ஆழமாக இருக்கிறதே?"

"ஆறுமொகம்னா ஆறு வாயி சாமி! இந்த ஆழம் இல்லாம எப்டி?"

முனுசாமி சிரித்தார். "எனக்கு ஒரு வாயிதான். அதுக்கே இவ அக்கா தெனம் பாட்டு பாடறா."

விஷயத்தை அவர்தான் விளக்கினார். இந்த ஊரில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனாலும், மறுநாள் காலையில் அவள் இந்தக் குழியில் தன் கையால் தினை குத்த வேண்டும். மாப்பிள்ளை முறத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். அந்த மாவைத் தின்ற பிறகுதான் அவனுக்கு மாமியார் வீட்டில் சோறு.

"அப்படியென்றால் குழி வருஷா வருஷம் ஆழமாகிக்கொண்டு போகுமே?"

"ஆங், போவும்" என்றார் குப்பம்மா, இதில் என்ன அதிசயம் என்பதுபோல. "எங்கம்மா குத்தறப்ப இம்மாம் ஆழம் இல்லையாம்."

எழுதுவதை நிறுத்திவிட்டேன். கதைக்காக அடையாளத்தைத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே கதையை நம்பியவர்கள் உலக்கையும் கையுமாக அடையாளத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. இதை எந்தக் கட்சியின் சாட்சியாக எழுதுவது?

"சாமி, உரலு கதை கெடக்கட்டும். இத்தப் பாருங்கோ" என்று குப்பம்மா என்னைப் பாறையின் மறுபுறம் அழைத்துப் போனார். அடியில், ஓர் ஆள் குனிந்து நுழையும் வெடிப்பு. உள்ளே இருட்டில் சுனை. அக்கினி நட்சத்திரத்தில் ஊர்க்கிணறு அடிமண் தெரியக் கிடக்க, இங்கே முழங்கால் தண்ணீர் சில்லென்று இருந்தது.

"முப்பது வூட்டுக்கும் கோடையில இதான் தண்ணி" என்றார். "போன வருசம் அந்தாண்ட மலையில வெடி வெச்சாங்கோ. அந்த ஊரு ஊத்து எங்க போச்சினே தெரியல. பாறை போனா இதுவும் போயிடும். நாங்க குடத்தைத் தூக்கிகினு எங்க போறது?"

"அப்படியானால் சுனையைக் காப்பாற்றுங்கள் என்று மனுக் கொடுத்திருக்கலாமே. உரலை ஏன் எழுதினீர்கள்?"

"தண்ணினு எழுதினா, 'கெணறு தோண்டிக்கோ'ம்பாங்கோ" என்றார் முனுசாமி. "சாமினு எழுதினாத்தான் வந்து பாப்பாங்கோ. இதை மனு எழுதறவரே சொன்னாரு."

அன்று மாலை ஒரு கட்டைவண்டியில் திருத்தணி திரும்பினேன்.

நான்காம் நாள் காலையில் மறுபடி போனபோது பாறை மேல் குப்பம்மாவின் குரல் ரோடு வரைக்கும் கேட்டது.

"ஆயிரம் வருசத்துப் பல்லைப் புடுங்கிட்டுப் புதுப் பல்லு கட்டி வெச்சிகிறியே பாவா! உன்ன யாரு கேட்டா?"

நடந்தது இதுதான். பெரிய உத்தியோகஸ்தர் வருகிறார், உரல் வழுக்கிக் கிடந்தால் மரியாதையாக இருக்காது என்று முனுசாமிக்குத் தோன்றியிருக்கிறது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அம்மியைக் கொத்தி வைப்பதில்லையா? தெருத்தெருவாக அம்மி கொத்தி வரும் ஆளைக் கூப்பிட்டு, நேற்றுச் சாயங்காலம் குழியின் உட்பக்கம் முழுவதும் பொளியச் சொல்லிவிட்டார். நான் பார்த்த கறுத்த வழவழப்பு போய், வெள்ளைப் புள்ளிகளோடு சொரசொரவென்று புத்தம் புதிய உரல் ஒன்று இருந்தது. சுற்றிலும் கல் தூள்கூட மிச்சமிருந்தது. அதன் மேல் குங்குமம் வேறு.

"சுத்தமா இருக்கட்டும்னு செஞ்சேன்" என்றார் முனுசாமி. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். மெலிந்த மனிதர், அதிகம் பேசாதவர். கண்டிராக்டர் தம் குமாஸ்தாவோடு முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். டாக்டர் குதிரையின் ஜட்காவில் வந்திருந்தார். வழியில் எத்தனை வீட்டில் நின்றதோ, முகம் சிவந்திருந்தது. இறங்கியவர் குடையை விரித்தார். பஸ்ஸில் நான் தள்ளிய ரத்தக் கொதிப்புக்காரர் அவர்தான்.

அவர் குழிக்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் வெள்ளைத் தூள். தம் குமாஸ்தாவிடம் தெலுங்கில் சொன்னது இது: "சுவாமி நேற்று ராத்திரிதான் அவதாரம் பண்ணியிருக்கிறார்."

"இது புதுசா இருக்கே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நேத்து கொத்தினதுங்க" என்றார் முனுசாமி, தலையைக் குனிந்துகொண்டு.

"கொத்தினதா, குடைஞ்சதா?"

குழி நேற்று எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும். நோட்டைப் பிரித்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன். அவர் படித்தார். பிறகு குழியில் தம் கையை விட்டு அளந்தார். "என் கைக்கும் ஒரு சாண், நாலு விரல்தான் வருது" என்றார். கண்டிராக்டர் என்னை அப்போதுதான் கவனித்தார். உடனே கையைத் தட்டினார்.

"சார், இவரையே கேளுங்க! இவர் சிலோன் பத்திரிகைக்காரர். வள்ளிக்குக் கல்யாணம் ஆனது சிலோனில்தான்னு பஸ்ஸில் என்கிட்டே சொன்னார். இங்கே வள்ளியே வரலைன்னா உரல் எங்கேருந்து வந்தது?"

குப்பம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை.

"அப்படியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அங்கே அப்படிச் சொல்கிறார்கள்" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். பழக்கமில்லை.

"என்ன அடையாளம் காட்டறாங்க?"

"மலை இருக்கிறது. ஆறு இருக்கிறது. அவள் வளர்ந்த இடம் என்று ஓர் இடம் இருக்கிறது."

"உரல்?"

மூன்று தடவை கதிர்காமம் போயிருக்கிறேன். "நான் பார்த்தவரையில் உரல் இல்லை" என்றேன்.

"கேட்டுக்கோ நைனா!" என்று குப்பம்மா கண்டிராக்டரைப் பார்த்துக் கூவினார். "தாலி அங்கயே கட்டிக்கட்டும், யாரு வாணாம்னா? சோறு இங்கதானே துன்னாரு!"

இன்ஸ்பெக்டரின் மீசை லேசாக அசைந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தில் ஏதோ எழுதினார், மடித்தார், சைக்கிள் பக்கம் திரும்பினார். முனுசாமி பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"சாமி, வெயில்ல வந்துகிறீங்கோ. ஒரு வாய் தின்னுட்டுப் போங்கோ" என்று குப்பம்மா ஓர் இலையை நீட்டினார். தினைமாவு. தேன் ஒரு சொட்டுத்தான் விட்டிருப்பார் போலிருக்கிறது, உருண்டை உதிர்ந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் மறுக்க நினைத்து, பசி மிஞ்சவே ஓர் உருண்டையை வாயில் போட்டார். அடுத்ததையும் போட்டார். மாவு தொண்டையை அடைத்தது. விக்கல் எடுத்தது. கையைக் காட்டித் தண்ணீர் கேட்டார்.

"ஐயோ, குடத்துல இல்லையே சாமி! இப்டி வாங்கோ, ரெண்டே அடி" என்று குப்பம்மா அவரைக் கைப்பிடிக்காத குறையாகப் பாறையின் மறுபுறம் இழுத்துப் போனார்.

காலையில் நான் வந்தபோது அந்தக் குடம் நிறைந்திருந்தது. அதை நானே பார்த்தேன். நோட்டில் எழுதவில்லை.

வெடிப்புக்குள் குனிந்து போன இன்ஸ்பெக்டர் வெகு நேரம் வெளியே வரவில்லை. உள்ளிருந்து விக்கல் கேட்டது, பிறகு தண்ணீர் அள்ளும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. வந்தபோது முகம், கழுத்து, சட்டை எல்லாம் நனைந்திருந்தன.

"சித்திரையிலயும் வத்தாதா?"

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து வத்தினதில்லீங்கோ" என்றார் முனுசாமி, எழுந்து நின்று.

"கிணறு?"

"எட்டிப் பாருங்கோ. தவளைகூட ஊர மாத்திகினு போயிட்ச்சி."

இன்ஸ்பெக்டர் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, மடித்த காகிதத்தைப் பிரித்து, சைக்கிள் சீட்டின் மேல் வைத்து இன்னும் கொஞ்சம் எழுதினார். "புதுசோ பழசோ, அது என்னைக் கேட்ட கேள்வி இல்லை" என்றார் கண்டிராக்டரிடம். "உபயோகம் இல்லாத உரலை யாரும் ஆள் வெச்சுக் கொத்தமாட்டாங்க. வழக்கம் இருக்கு. மத்ததை மேலே இருக்கறவங்க பாத்துப்பாங்க."

மேலே இருக்கிறவர்கள் என்ன பார்ப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கண்டிராக்டர் ஜட்காவில் ஏறினார். குதிரை நகரவில்லை. குப்பம்மாவின் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது. "எங்க மாமியாருக்கு டாக்டரு இங்க வந்துதான் ஊசி போட்டாரு" என்றார் குப்பம்மா. கண்டிராக்டர் குடையை விரித்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே காத்திருந்தார்.

நான் விடைபெறும்போது குப்பம்மாவிடம் கேட்டேன். முருகன் கிழவன் வேஷத்தில் வந்து, வள்ளி கொடுத்த தினைமாவைத் தின்று, விக்கி, தண்ணீர் கேட்டு அவள் பின்னால் சுனைக்குப் போன கதை தெரிந்துதானே செய்தீர்கள்?

"தெரியாம? அந்தக் கதைய ஆம்பளைங்க வேற மாதிரி சொல்லுவாங்கோ, சாமிதான் ஏமாத்தி இட்டுகினு போனாருன்னு" என்றார் குப்பம்மா. "வறண்ட மாவைக் குடுத்தது யாருன்னு அவங்க யோசிக்கறதில்ல."

ஐந்தாம் நாள் புளிச்சக்கீரைத் துவையல் மூன்று உருண்டை தின்றுவிட்டு ரயிலேறினேன்.

கொழும்பில் ஆசிரியர் முடிவு என்ன என்று கேட்டார். கல்யாணம் எங்கே என்று தெரியவில்லை, மறுநாள் சாப்பாடு எங்கே என்பதற்கு மட்டும் ஓர் உரல் இருக்கிறது, ஆழம் ஒரு சாண் நாலு விரல் என்றேன். அதையே நாலு வரிச் செய்தியாகப் போட்டோம். இரண்டு கட்சியும் திருப்தியடையவில்லை. தணிகை அடியான், உரலை ஒப்புக்கொண்டவர் கல்யாணத்தை ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்று காய்ந்தார். கதிர்காமத்தான் மட்டும் வழக்கத்துக்கு மாறாக ஒன்றரை மாதம் எழுதவே இல்லை.

பிறகு ஒரே வாரத்தில் இரண்டு தபால் வந்தன.

முதலாவது, பாறைக்கண்டிகையிலிருந்து கார்டு. முனுசாமி சொல்ல யாரோ எழுதியது. உத்தரவு வந்துவிட்டது, பாறையைத் தொடக்கூடாது, கண்டிராக்டர் வேறு மலை பார்த்துக்கொண்டார். உத்தரவைப் படித்துக் காட்டச் சொன்னதில், அதில் வள்ளியைப் பற்றி ஒரு வரியும் சுனையைப் பற்றி மூன்று வரியும் இருக்கிறதாம். குப்பம்மாவின் சின்ன மகளுக்கு வரும் தையில் கல்யாணம். சிலோனில் உரல் ஏதும் கிடைத்ததா என்று குப்பம்மா கேட்கச் சொல்கிறாள்.

இரண்டாவது, கதிர்காமத்தானுடையது. என் செய்தியைப் படித்த அன்றே கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டவர், காட்டுக்குள் ஒரு மாதம் தேடியிருக்கிறார். கிடைத்துவிட்டது. ஆற்றோரப் பாறையில் ஓர் உரற்குழி, ஐயமறத் தெய்வீகமானது, ஆழம் ஒரு சாண், ஐந்து விரல்.

என் நாலு விரலை அவர் ஒரு விரலால் ஜெயித்துவிட்டார். அந்தக் கடிதத்தை அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன். பாறைக்கண்டிகைக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: கிடைத்திருக்கிறது, உங்களுடையதைவிட ஒரு விரல் ஆழமாம்.

பதில் கார்டு உடனே வந்தது. மொத்தம் இரண்டே வரி.

"குப்பம்மா சொல்லச் சொன்னது: தை வரட்டும். அம்மி கொத்துகிறவருக்கு இப்போதே சொல்லிவிட்டோம்."